மைனஸ் 850: துருவோடு மல்லுக்கட்டப் போகிறவர்களுக்கு

எண்ணெய், எரிவாயுத் துறையில் வேலை தேடும் இளைஞர்களிடம் என்ன படிக்கப்போகிறீர்கள் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பைப்பிங், வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷன், க்யூ.சி., சேஃப்டி. பயிற்சி நிலையங்களின் பலகைகளும் இதைத்தான் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் அதிகம் தென்படாத வேலை ஒன்று உண்டு. குழாயைப் புதைத்து, மண்ணை மூடி, வெல்டரும் ஃபிட்டரும் ஊர் திரும்பிய மறுநாள் அது தொடங்குகிறது. அந்தக் குழாய் பூமிக்குள் கிடக்கும் முப்பது, நாற்பது ஆண்டுகளும் நடக்கிறது. அரிமானத்தைக் கண்காணித்து அடக்கி வைக்கும் வேலை அது. கம்பெனிக்காரர்கள் சுருக்கமாக ‘கொரோஷன்’ என்பார்கள். அதில் மின்சாரம் சம்பந்தப்பட்ட பகுதியை ‘சி.பி.’ என்பார்கள். கத்தோடிக் புரொடெக்‌ஷன்.

அமெரிக்காவின் நேஸ் அமைப்பு 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அரிமானத்தால் உலகுக்கு ஆண்டொன்றுக்கு ஏற்படும் செலவு சுமார் 2.5 லட்சம் கோடி டாலர். 2013-ம் ஆண்டின் உலக மொத்த உற்பத்தியில் அது 3.4 சதவீதம். இருக்கிற முறைகளை ஒழுங்காகச் செய்தாலே அதில் 15 முதல் 35 சதவீதம் வரை மிச்சப்படுத்தலாம் என்றும் அதே ஆய்வு சொன்னது. புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம், தெரிந்ததைச் செய்ய ஆள் வேண்டும் என்பதுதான் இதன் பொருள். அந்த ஆளாக நீங்கள் ஆவது எப்படி என்று பார்ப்போம்.

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எண்களைப் படிக்கத் தெரியும். மீட்டர் காட்டுவதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் படிக்கும். இந்த எண் எதைச் சொல்லவில்லை என்று கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இங்கே பற்றாக்குறை. நான் கீழே சொல்லப்போகும் விபத்துகளிலும், களத்தில் அன்றாடம் நடக்கும் குளறுபடிகளிலும் இந்தக் கேள்வி விடுபட்டதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது

அடிப்படை எளிது. மண்ணில் கிடக்கும் எஃகுக் குழாயின் எந்த இடத்தில் மின்னோட்டம் உலோகத்தை விட்டு மண்ணுக்குள் இறங்குகிறதோ, அங்கே இரும்பு கரைகிறது. எங்கே மண்ணிலிருந்து குழாய்க்குள் ஏறுகிறதோ, அங்கே இரும்பு பிழைக்கிறது. ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டு முழுக்க இப்படி வெளியேறினால் சுமார் 9 கிலோ இரும்பு காணாமல் போகும். இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் சுவர் பல இடங்களில் 7, 8 மில்லிமீட்டர்தான். அந்த 9 கிலோவும் கோட்டிங்கில் விழுந்த நகக்கண் அளவு ஓட்டை வழியாகப் போனால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ஆகவே வெளியிலிருந்து மின்னோட்டத்தைக் கொண்டுவந்து, குழாயின் மேற்பரப்பெங்கும் ஏறுமாறு செய்துவிட்டால் குழாய் தப்பும். இதற்கு இரண்டு வழி. மெக்னீசியம், துத்தநாகம், அலுமினியம் போன்ற, இரும்பைவிட எளிதில் கரையும் உலோகத்தைக் குழாயோடு இணைத்துப் பலிகொடுப்பது ஒன்று. கடலில் நிற்கும் மேடைகளின் கால்களில் தொங்கும் பருத்த அலுமினியக் கட்டைகள் இந்த வகை. டிரான்ஸ்ஃபார்மர் ரெக்டிஃபயர், அதாவது டி.ஆர். யூனிட் வைத்து, தள்ளிப் புதைத்த ஆனோடு பெட் வழியாக நேர்மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்புவது இன்னொன்று. நூறு கிலோமீட்டர் நீளும் தரைக்குழாய்களுக்கு இதுதான்.

வரலாறு இரண்டே வரியில் போதும். 1824-ல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் அடித்திருந்த செப்புத் தகட்டைத் துத்தநாகமும் இரும்பும் வைத்துக் காப்பாற்றிக் காட்டினார். செம்பு கரையவில்லை. ஆனால் கரையும் செம்பின் நஞ்சுதான் அதுவரை சிப்பிகளையும் பாசியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. அது நின்றதும் கப்பலின் அடிப்பாகம் முழுக்க அவை ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைத்தன. கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. தகட்டின் எடையை அளந்தவருக்கு வெற்றி, கப்பல் ஓட்டியவருக்குத் தோல்வி. இந்தத் துறையின் முதல் பாடமே இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

நூறாண்டு கழித்து, 1928-ல், நியூ ஆர்லியன்ஸ் நகரின் குழாய்களில் வேலை செய்த ராபர்ட் கூன், செப்பு–செப்பு சல்ஃபேட் மின்முனையை ஒப்பிட்டு அளக்கும்போது குழாயின் மின்னழுத்தம் மைனஸ் 0.85 வோல்ட்டுக்குக் கீழே போனால் அரிமானம் அடங்கும் என்றார். இன்றும் உலகெங்கும் அந்த மைனஸ் 850 மில்லிவோல்ட்தான் அளவுகோல். உங்கள் வேலை வாழ்க்கை முழுக்க இந்த எண் உங்களோடு வரும்.

ஒரு ரீடிங், பக்கத்திலிருந்து

சி.பி. வேலையில் சேர்ந்தால் முதலில் கையில் கொடுப்பது ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஹாஃப் செல்லும்தான். அனுப்புவது டி.எல்.பி. கம்பத்துக்கு. குழாயிலிருந்து வரும் ஒயர் முடியும் சிறு பெட்டி அதில் இருக்கும். திறக்கும் முன் ஒரு குச்சியால் தட்டுங்கள், குளவி கூடு கட்டியிருக்கும். திறந்ததும் முதலில் அளக்க வேண்டியது ஏ.சி. வோல்ட்டேஜ். பக்கத்தில் உயர் அழுத்த மின்பாதை ஓடினால் குழாயில் ஏ.சி. தூண்டப்பட்டிருக்கும், 15 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வெறுங்கையால் முனையைத் தொடக் கூடாது. வானத்தில் இடி கேட்டால் பெட்டியைப் பூட்டிவிட்டு வண்டிக்குத் திரும்புங்கள். யார் அவசரப்படுத்தினாலும் சரி.

பிறகு ஹாஃப் செல். உள்ளே நீலத் திரவத்தின் அடியில் கரையாத செப்பு சல்ஃபேட் பொடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கரைசல் செறிவு குறைந்திருக்கிறது, ரீடிங்கை நம்ப முடியாது. காலையில் கிளம்பும் முன், களத்துக்குப் போகாத இன்னொரு செல்லோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 5, 10 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வறண்ட தரிசு என்றால் மேல்மண்ணைக் கையகலம் சுரண்டி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, குழாய்க்கு நேர் மேலே செல்லை ஊன்றுங்கள்.

மீட்டர் மைனஸ் 1.12 காட்டுகிறது. மைனஸ் 0.85 போதும், நமக்கு அதற்கு மேலேயே இருக்கிறது. ‘ரீடிங் நல்லாத்தானே சார் இருக்கு?’ என்று பக்கத்தில் நிற்பவர் நோட்டை மூடப் பார்ப்பார்.

டி.ஆர். யூனிட்டில் இன்டரப்டர் பொருத்தியிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். 12 விநாடி மின்சாரம் ஓடும், 3 விநாடி நிற்கும். நின்ற அந்தக் கணத்தில் எண் சட்டென்று விழுகிறது. ஒரு துள்ளல் அடங்கியதும் மைனஸ் 0.79. இதுதான் குழாயின் உண்மையான நிலைக்கு நெருங்கிய எண். மைனஸ் 1.12-ல் இருந்த மீதி, மின்னோட்டம் மண்ணைக் கடக்கும்போது மண்ணில் விழுந்த அழுத்தம். குழாய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நல்ல ரீடிங் என்று எழுதப்படவிருந்த இடம் 850 அளவுகோலை எட்டவேயில்லை. குழாயின் இயல்பு மின்னழுத்தம் பழைய பதிவில் இருந்தால், அதிலிருந்து 100 மில்லிவோல்ட் நகர்ந்திருக்கிறதா என்ற மாற்று அளவுகோலையும் பார்க்கலாம். ஆனால் அதை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்பதற்கு நிபந்தனைகள் உண்டு. மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

சரி, டி.ஆர். யூனிட்டில் மின்சாரத்தைக் கூட்டிவிடலாமே? கூட்டலாம், ஓர் எல்லைவரை. ஆஃப் ரீடிங், அதாவது மின்சாரம் நின்ற கணத்து எண், மைனஸ் 1.2 வோல்ட்டைத் தாண்டினால் குழாயின் மேல் ஹைட்ரஜன் கிளம்பி கோட்டிங்கை உரிக்கத் தொடங்கும். மண்ணில் ஆக்ஸிஜன் இல்லாமல் சல்ஃபேட்டைத் தின்னும் பாக்டீரியா இருக்கிற இடத்திலோ மைனஸ் 0.85 போதாது, மைனஸ் 0.95 வேண்டும். ஆக, ஒரே எண்ணை எல்லா ஊரிலும் ஒப்பிக்க முடியாது.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்வேன். கோட்டிங் உரிந்து, ஆனால் கிழியாமல், குழாயைச் சுற்றிச் சட்டைபோல் தொளதொளவென்று நின்றால், அதற்குள் ஈரம் புகும், சி.பி. மின்னோட்டம் புகாது. பழைய டேப் கோட்டிங்கிலும், வெல்டு மூட்டுகளின் மேல் சரியாகச் சூடேற்றாமல் சுருக்கிய ஸ்லீவ்களிலும் இது அடிக்கடி நடக்கும். மேலே நின்று அளந்தால் ரீடிங் அருமையாக இருக்கும். உள்ளே குழி விழுந்துகொண்டிருக்கும். தோண்டிப் பார்க்கும் நாளில் களத்தில் இருங்கள். உங்களுக்கு லீவு நாளாக இருந்தாலும் போய் நில்லுங்கள். சட்டையைக் கிழித்ததும் வரும் தண்ணீரை லிட்மஸ் தாளில் தொட்டுப் பாருங்கள், குழியின் ஆழத்தைப் பிட் கேஜால் நீங்களே அளந்து பாருங்கள். ஒரு தோண்டல் கற்றுத்தருவதை நூறு ஸ்லைடு கற்றுத்தராது.

சி.பி. எட்டாத இடம்

சி.பி. குழாயின் வெளிப்புறத்தை மட்டும்தான் காக்கும். உள்ளே ஓடுகிற தண்ணீரும் கார்பன் டை ஆக்ஸைடும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் பாக்டீரியாவும் செய்கிற வேலையை அது தொடவே தொடாது. இது தெரியாத பொறியாளர் இல்லை. ஆனாலும் மாதாந்தர அறிக்கையில் பி.எஸ்.பி., அதாவது குழாய்–மண் மின்னழுத்தக் கட்டங்கள் எல்லாம் பச்சையாக இருந்தால் மனசு ‘குழாய் நன்றாக இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடுகிறது.

ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில், நகரம் என்ற ஊரில், 2014 ஜூன் 27 விடியற்காலையில் எரிவாயுக் குழாய் கசிந்து வெடித்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னந்தோப்புகள் கருகி நின்றன. உலர்ந்த வாயுவுக்காகப் போட்ட குழாயில் ஈரமும் கண்டன்சேட்டும் கலந்த வாயு ஓடியதும், அதனால் குழாய் உள்ளிருந்து அரித்ததும் விசாரணையில் வெளிவந்தன. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் அருகே 2000 ஆகஸ்ட் 19 அன்று வெடித்த 30 அங்குல எரிவாயுக் குழாய்க்கும் காரணம் உள் அரிமானமே. ஆற்றங்கரையில் கூடாரம் போட்டிருந்த 12 பேர் இறந்தார்கள்.

அலாஸ்காவின் புரூடோ பே கதையை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். 2006 மார்ச் 2-ம் தேதி கண்டுபிடிக்கப்பட்ட கசிவில் 2 லட்சம் காலனுக்கு மேல் கச்சா எண்ணெய் பனியில் கொட்டியிருந்தது. 34 அங்குலக் குழாய். அதில் எண்ணெய் மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடியதால் வண்டல் அடியில் தங்கியது. வண்டலுக்கு அடியில் பாக்டீரியா குடியேறியது. அரிமானத்தைத் தடுக்க மேலே ஊற்றிய இன்ஹிபிட்டர் மருந்து அங்கே போய்ச் சேரவில்லை. குழாயைச் சுத்தம் செய்து உள்ளே அளந்து வரும் பிக்கை அதில் கடைசியாக அனுப்பியது 1998-ல். எட்டு வருட இடைவெளி. அந்தக் குழாயை இயக்கிய பிபி நிறுவனத்தின் அலாஸ்கா பிரிவு பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 கோடி டாலர் கட்டியது.

ஆகவே உள் அரிமானத்தைக் கற்காமல் சி.பி.யை மட்டும் வைத்துக்கொண்டு பத்து வருடம் ஓட்டாதீர்கள். கூப்பன் என்று சிறு எஃகுப் பட்டையைக் குழாய்க்குள் செருகி, சில மாதம் கழித்து எடுத்து எடையிழப்பைப் பார்ப்பார்கள். ஈ.ஆர். புரோப் அதையே இருந்த இடத்தில் அளக்கும். இவற்றைப் படிக்கும்போதும் அதே கேள்விதான்: கூப்பன் குழாயின் எந்த மணிநிலையில் இருக்கிறது? 12 மணிப் பக்கம், அதாவது உச்சியில் செருகிய கூப்பன் பளபளவென்று வெளிவரும். தண்ணீர் தேங்குவதோ 6 மணிப் பக்கத்தில்.

பிக் வெளிவரும் நாளில் ரிசீவர் பக்கத்தில் நில்லுங்கள். கதவைத் திறந்ததும் வழியும் கறுப்புக் கசடு வெறும் அழுக்கு அல்ல, குழாயின் வாக்குமூலம். அதை பாட்டிலில் பிடித்து உடனே மூடி லேபுக்கு அனுப்பினால் பாக்டீரியா உண்டா, இரும்பு சல்ஃபைடு எவ்வளவு என்று தெரியும். அரைநாள் வெயிலில் வைத்து அனுப்பினால் ஒன்றும் தெரியாது. அந்த இரும்பு சல்ஃபைடு காய்ந்தால் தானே பற்றிக்கொள்ளும், ஆகவே கசடை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு உள்ள வயல் என்றால் சட்டைக் காலரில் மானிட்டர் இல்லாமல் ரிசீவர் பக்கமே போகாதீர்கள். முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று நம்பிப் போனவர்கள் செத்திருக்கிறார்கள். 100 பி.பி.எம். அளவிலேயே மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றதைப் பார்த்து வாயு போய்விட்டது என்று நினைத்துவிடுவோம்.

சுத்திகரிப்பு ஆலையில்

ஆலைக்குள் போனால் சி.பி. சின்னப் பகுதிதான், டேங்க் அடித்தகடு, புதைந்த தீயணைப்புக் குழாய் என்று முடிந்துவிடும். அங்கே ஆட்சி செய்வது வெப்பமும் கந்தகமும். காப்பு உறைக்கு அடியில் மழைநீர் புகுந்து அரிப்பது ஒரு தீராத தலைவலி. கடலோர ஆலைகளில் அதற்கென்றே தனிக் குழு வைத்திருப்பார்கள்.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் செவ்ரானின் ரிச்மண்ட் ஆலை, 2012 ஆகஸ்ட் 6. 8 அங்குலக் குழாய் ஒன்று கிழிந்து, தீப்பற்றி, புகை ஊர்மேல் பரவியது. சுமார் 15,000 பேர் மருத்துவமனைகளை நாடினார்கள். கிழிந்தது 52 அங்குல நீளத் துண்டு ஒன்று. அந்தத் துண்டின் எஃகில் சிலிக்கன் மிகக் குறைவு. சூடான கந்தகம் அதைப் பக்கத்துத் துண்டுகளைவிட வேகமாகத் தின்றது. குழாயின் தடிமனை ஆலை அளக்காமல் இல்லை. அளக்க வேண்டிய புள்ளிகளின் பட்டியலில் இந்தத் துண்டு இல்லை, அவ்வளவுதான். 2002-ல் ஒரு ஆய்வாளர் இதை அளந்து, மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று எழுதி வைத்தார். அதற்குப் பிறகும் அது பட்டியலில் ஏறவில்லை. மறுபடி யாரும் அளக்கவும் இல்லை.

அந்த 2002 ஆய்வாளரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். ஆனால் அறிக்கை ஒரு கோப்பில் போய்ப் படுத்துக்கொண்டால் அளந்ததும் அளக்காததும் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே அறிக்கை எழுதுவதை இந்தத் தொழிலின் பாதியாக நினையுங்கள். ‘கண்காணிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று மொட்டையாக முடிக்காதீர்கள். எந்த இடம், இப்போது எத்தனை மில்லிமீட்டர், எந்த வேகத்தில் குறைகிறது, குறைந்தபட்சத் தடிமனை எந்த மாதத்தில் தொடும், யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். அடுத்த மாதம் அந்த வரியை நீங்களே திறந்து, நடந்ததா என்று கேளுங்கள். நச்சரிக்கிறான் என்று பெயர் வரும். வரட்டும்.

எப்படி உள்ளே நுழைவது

மெட்டலர்ஜி படித்தவர்களுக்கு வழி நேரானது. கெமிக்கல், மெக்கானிக்கல், இ.இ.இ. படித்தவர்களும் வரலாம், சி.பி.யில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோக்காரர்கள் மிக நன்றாக வருகிறார்கள். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவர்கள் தண்ணீர்ப் பரிசோதனை, இன்ஹிபிட்டர் வேலை வழியாக நுழையலாம். அந்தக் கதவு இருப்பது பலருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு வாசலிலேயே ஒரு பொக்கிஷம் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்டது. அரிமானம் அதன் முதன்மை ஆய்வுத் துறைகளில் ஒன்று. மண்டபத்தில் கடலோர ஆய்வுக் களமும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கெமிக்கல் அண்ட் எலெக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் பி.டெக். படிப்பும் அங்கே நடந்துவருகிறது. சிவகங்கைச் சீமையில் இப்படியொன்று இருப்பது தெரியாமல், பெயர் தெரியாத பயிற்சி மையங்களில் பிள்ளைகள் பணம் கட்டுவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. புராஜெக்ட்டுக்கு இடம் கிடைக்குமா என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

சான்றிதழ் விஷயம். 1943-ல் அமெரிக்கக் குழாய்ப் பொறியாளர்கள் தொடங்கிய நேஸ், 2021-ல் எஸ்.எஸ்.பி.சி. என்ற பெயிண்டிங் துறை அமைப்போடு இணைந்து இப்போது ஆம்ப் என்ற பெயரில் இயங்குகிறது. வளைகுடா டெண்டர்களில் இன்னும் ‘நேஸ் சி.பி. லெவல்’ என்றே பேசிக்கொள்வார்கள். நான்கு படிகள்: டெஸ்டர், டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட், ஸ்பெஷலிஸ்ட். முதல் படியில் ரீடிங் எடுப்பது. நான்காவதில் அமைப்பையே வடிவமைப்பது. கோட்டிங் இன்ஸ்பெக்டர் சான்றிதழ் தனி வரிசை. ஆலைப் பக்கம் போவதென்றால் ஏ.பி.ஐ. 570, 510, 653: முறையே பைப்பிங், அழுத்தக் கலன், டேங்க். ஐரோப்பியக் கம்பெனிகள் ஐ.எஸ்.ஓ. 15257-ன் கீழ் வரும் சி.பி. தகுதியைக் கேட்கும்.

என் அபிப்பிராயம் இது: கல்லூரி முடித்த கையோடு கடன் வாங்கி மூன்று சான்றிதழ் கட்டாதீர்கள். ஒரு வருடம் சின்ன சி.பி. காண்ட்ராக்டரிடம் வேலை செய்யுங்கள். சம்பளம் குறைவு, வெயில் அதிகம், சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காது. ஆனால் ஆனோடு பெட்டுக்கு ஆழ்துளை போடுவதையும், கோக் பொடி கொட்டுவதையும், கேபிளைக் குழாயில் தெர்மிட் வெல்டு வைப்பதையும் கையால் செய்திருப்பீர்கள். அதற்குப் பிறகு முதல் லெவல் பரீட்சையில் உட்கார்ந்தால் ஒவ்வொரு கேள்வியும் பார்த்த முகமாக இருக்கும்.

அந்த ஒரு வருடத்தில் ஒரு சோதனையும் வரும். மழைக்காலத்தில் வயலுக்குள் முழங்கால் சேறு. தொலைவில் ஒரு டி.எல்.பி. ‘போன மாசம் 1.05, இந்த மாசம் 1.04-ன்னு போட்டுக்கோ தம்பி’ என்பார் ஒருவர். போடாதீர்கள். ‘செல்ல முடியவில்லை’ என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டம் கேள்வி கேட்க வைக்கும். பொய் எண் கேள்வியையே கொன்றுவிடும். வருடக்கணக்கில் வைத்துப் பார்த்தால் இட்டுக்கட்டிய எண்கள் காட்டிக்கொடுத்துவிடும். மண்ணின் ஈரத்தோடு சேர்ந்து உண்மையான ரீடிங் ஏறி இறங்கும். பொய்யானது நேர்கோட்டில் போகும். அனுபவம் உள்ளவர் வரைபடத்தைப் பார்த்ததுமே கண்டுபிடிப்பார்.

நேர்முகத் தேர்வில்

சூத்திரம் கேட்பவர்கள் குறைவு. நிலைமையைச் சொல்லி, என்ன செய்வாய் என்று கேட்பார்கள். சில கேள்விகள் எல்லா இடத்திலும் வரும்.

நேற்றுவரை மைனஸ் 1.0 இருந்த இருபது கிலோமீட்டர் இன்று மைனஸ் 0.6. என்ன நடந்திருக்கும்? முதலில் டி.ஆர். யூனிட்டில் மின்சாரம் உண்டா என்று பார்ப்பீர்கள். அடுத்தது, யாராவது செப்புக் கேபிளை வெட்டிக்கொண்டு போய்விட்டார்களா. நம் நாட்டில் இதைச் சொல்லாமல் விட்டால் களத்தையே பார்க்காதவர் என்று கணித்துவிடுவார்கள். பிறகு இன்சுலேட்டிங் ஜாயின்ட் ஷார்ட் ஆகி, மின்னோட்டம் ஸ்டேஷனின் எர்த்திங் முழுக்கப் பாய்கிறதா. ரயில் பாதைக்கு அடியில் போகும் கேசிங் குழாய் உள்குழாயைத் தொட்டுவிட்டதா.

ஒரு இடத்தில் மட்டும் ரீடிங் நிமிடத்துக்கு நிமிடம் ஆடுகிறது. ஏன்? பக்கத்தில் நேர்மின்சாரத்தில் ஓடும் ரயில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெங்களூரு மெட்ரோ 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது. சென்னை மெட்ரோ 25,000 வோல்ட் ஏ.சி. இரண்டு ஊர்களிலும் குழாய்க்கு வரும் தொல்லை ஒரே மாதிரி இருக்காது. இந்த வித்தியாசத்தை நீங்களாகச் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ரீடிங் ஆடும் இடத்தில் 24 மணி நேரம் டேட்டா லாகர் வைப்பேன், நள்ளிரவில் ரயில் நின்றதும் ஆட்டம் அடங்குகிறதா என்று பார்ப்பேன் என்று முடியுங்கள்.

இன்னொரு கேள்வி எளிமையாகத் தோன்றும்: புதிதாகப் பொருத்திய டி.ஆர். யூனிட்டை இயக்கியதும் முதலில் எதைப் பார்ப்பாய்? பதில்: குழாயின் ரீடிங் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை. நேர்முனை ஆனோடுக்கு, எதிர்முனை குழாய்க்கு. யாரோ ஒயரை மாற்றி மாட்டியிருந்தால் ரீடிங் மைனஸ் 0.55-ல் இருந்து மைனஸ் 0.4-ஐ நோக்கி ஏறும். குழாயைக் காக்கப் போட்ட கருவி, குழாயையே ஆனோடாக்கிக் கரைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆம்பியருக்கு ஆண்டுக்கு 9 கிலோ. மீட்டரைத் தலைகீழாக மாட்டி மைனஸ் குறியைக் கவனிக்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள், ஆகவே மீட்டரின் முனைகளையும் சரிபார்ப்பேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த வயல்கள் நிறைய. அதற்கான உலோகத் தேர்வு விதி ஐ.எஸ்.ஓ. 15156, பழையவர்கள் எம்.ஆர். 0175 என்பார்கள். மூன்று பாகங்கள், படிக்கக் கடினம். விமானம் ஏறும் முன் முதல் இரண்டு பாகங்களையாவது படித்துவிடுங்கள். ஏன் என்று கேட்டால், கஜகஸ்தானின் காஷகான் எண்ணெய் வயலைப் பாருங்கள். 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கியது. ஹைட்ரஜன் சல்ஃபைடு குழாய்களில் விரிசல்விட, சில வாரங்களிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. துருப்பிடித்து மெலிந்த பழங்குழாய் அல்ல, புத்தம் புதுக் குழாய். வெல்டு பகுதிகளின் கடினத்தன்மை அதிகமாக இருந்ததால் சல்ஃபைடு அழுத்த விரிசல் வந்தது. குழாய்களையே மாற்றி, 2016-ல்தான் மறுபடி எண்ணெய் எடுத்தார்கள். உங்களிடம் வரும் வெல்டு அறிக்கையில் ஹார்ட்னஸ் என்ற பத்தி இருக்கும். ராக்வெல் 22 என்ற வரம்பை அந்த விதிநூலில் பார்ப்பீர்கள். அந்தப் பத்தியைப் படிக்கும்போது, வெல்டின் நடுவிலா, அதை ஒட்டிச் சூடேறிய விளிம்பிலா, எந்த இடத்தில் அளந்தார்கள் என்று கேளுங்கள்.